மழைக் காலத்தில் பெற்றோர் பணிவிடை





எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய அருளும் சாந்தியும் நம் உயிரினும் இனிய நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவனவாக!

ஐப்பசி பிறந்து விட்டால் நம் வானம் கறுத்து விடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவ மழைதான் தமிழகத்துக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருகிறது. மழை அல்லாஹ்வின் ரஹ்மத்து. குளம் நிறைகிறது, கிணறு ஊறுகிறது, வயல் பசுமையாகிறது. ஆனால் அதே மாதங்களில்தான் வீட்டுக்கு வீடு இருமலும் சளியும் காய்ச்சலும் நுழைகின்றன. பிள்ளைகளுக்கு வந்தால் நான்கு நாள் படுத்து ஐந்தாம் நாள் எழுந்து ஓடி விடுகிறார்கள். எழுபதைத் தாண்டிய வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ வந்தால், சில சமயம் அந்தப் படுக்கையே கடைசிப் படுக்கையாகி விடுகிறது. "நேற்று வரை நன்றாகத்தானே இருந்தார்கள்! காய்ச்சல்கூட இல்லையே!" என்று பிறகு நாம் அழுது நிற்கிறோம்.

நேற்று வரை அவர்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தார்களா? அல்லது நாம் பார்க்கத் தவறினோமா? இந்தக் கேள்வியைத்தான் இம்மாதம் நாம் சிந்திக்கப் போகிறோம்.

இறைமறை வாயை மூடச் சொன்ன இடம்

திருக்குர்ஆனின் பதினேழாம் அத்தியாயம் 23, 24 ஆகிய வசனங்களை அறியாத முஸ்லிம் இல்லம் இருக்க முடியாது. தன்னையன்றி எவரையும் வணங்கக் கூடாது என்று கட்டளையிட்ட அல்லாஹு தஆலா, அதே மூச்சில் பெற்றோருக்கு நன்மை செய்யுமாறும் விதிக்கிறான். அவர்களில் ஒருவரோ இருவருமோ முதுமையை அடைந்து விட்டால் அவர்களை நோக்கி 'உஃப்' என்றுகூடச் சொல்லக் கூடாது, அவர்களை விரட்டக் கூடாது, கண்ணியமாகவே பேச வேண்டும், பணிவு என்னும் சிறகைத் தாழ்த்த வேண்டும், அவர்களுக்காக இறையருளை வேண்ட வேண்டும் என்று அந்த வசனங்கள் நமக்கு உத்தரவிடுகின்றன.

'உஃப்' என்பது சலிப்பின் மிகச் சிறிய ஒலி. நம் தமிழில் 'சீ' என்கிறோமே, அதுதான். அதைக்கூடத் தடுத்து விட்டான் இறைவன்! முதுமையைக் குறிப்பிட்டுச் சொல்லி அந்த இடத்தில் ஏன் தடுத்தான்? படைத்தவன் நம் குணத்தை அறிந்தவன். எந்த இடத்தில் நம் நாவு வழுக்கும் என்பதையும் அவன் அறிவான்.

வயது முதிர்ந்த பெற்றோரிடத்தில் நமக்கு எப்போது 'சீ' வருகிறது என்று சற்று எண்ணிப் பாருங்கள். கேட்டதையே ஐந்து தடவை கேட்கும்போது வருகிறது. ஆசையோடு கொடுத்த கஞ்சியைக் கையால் தள்ளும்போது வருகிறது. நடு இரவில் எழுந்து, "பாங்கு சொல்லியாச்சு, கதவைத் திற" என்று வீட்டை எழுப்பும்போது வருகிறது. விரிப்பை நனைத்து விட்டால் வருகிறது. குவளையைக் கை நழுவ விட்டால் வருகிறது. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று ஒருவர் சொல்ல, மற்றொருவர் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்.

இன்றைய மருத்துவர்கள் சொல்வதைக் கேளுங்கள். இந்த மாற்றங்கள் இரண்டு மூன்று நாளுக்குள் புதிதாகத் தோன்றினால், அவற்றை முதுமை என்று ஒதுக்கி விடக் கூடாது. உள்ளே ஒரு நோய் தொடங்கியிருக்கிறது என்பதற்கு அவையே முதல் அடையாளமாக இருக்கலாம். அப்படியானால் என்ன பொருள்? நம் வாயை இறைவன் மூடச் சொன்ன அதே இடத்தில்தான் நாம் கண்ணைத் திறக்க வேண்டியிருக்கிறது. 'சீ' என்று சொல்லி விட்டவன் அதோடு திரும்பிப் போய் விடுகிறான். அந்தச் சொல்லை விழுங்கிக் கொண்டவன் அருகில் நிற்கிறான், தொட்டுப் பார்க்கிறான், "என்ன செய்கிறது?" என்று கேட்கிறான். நோய் அவன் கண்ணில் படுகிறது. சுப்ஹானல்லாஹ்!

முதுமையில் நோய் வேறு முகத்தோடு வரும்

வாலிபர்களுக்கு நிமோனியா வந்தால் உடல் நெருப்பாய்ச் சுடும், இருமல் வரும், நெஞ்சு வலிக்கும். முதியவர்களுக்கு அப்படி வர வேண்டும் என்பதில்லை. இருமல் இல்லாமலும் வரும். காய்ச்சல் தெரியாமலும் வரும். சாப்பாடு இறங்காது. பகலெல்லாம் தூக்கம். நடையில் தள்ளாட்டம், அல்லது காரணமில்லாமல் ஒரு விழுதல். பேச்சில் தடுமாற்றம். இவ்வளவுதான் வெளியே தெரியும்.

காய்ச்சல் ஏன் தெரிவதில்லை? வயது ஏற ஏற உடற்சூடு இயல்பாகவே சற்றுக் குறைகிறது. நோயை எதிர்த்துச் சூட்டை உயர்த்தும் திறனும் தளர்கிறது. நலமாக இருக்கும்போது 97 டிகிரி காட்டும் ஒரு பெரியவருக்கு 99 என்பதே காய்ச்சல்தான். இரண்டு டிகிரி ஏறியிருக்கிறதே! ஆனால் நாம் 99ஐப் பார்த்து, "ஒன்றுமில்லை" என்று தெர்மாமீட்டரைக் கழுவி வைத்து விடுகிறோம். ஆகவே நலமாக இருக்கும் நாளிலேயே அவர்களுடைய வழக்கமான சூடு எவ்வளவு என்று பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். 100 டிகிரியை எட்டி விட்டால் ஐயமே வேண்டாம், டாக்டரிடம் செல்ல வேண்டும்.

புத்தித் தடுமாற்றத்தையும் மறதி நோயையும் குழப்பிக் கொள்ளக் கூடாது. மறதி நோய் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் மெல்ல வருவது. நேற்றுப் பேரனின் பெயரைச் சரியாகச் சொன்னவர் இன்று சொல்லவில்லை என்றால், காலையில் தெளிவாக இருந்தவர் மாலையில் பிதற்றுகிறார் என்றால், அது திடீரென வந்த தடுமாற்றம். சளிக்காய்ச்சல், நிமோனியா, சிறுநீர்ப் பாதையில் கிருமி, உடலில் நீர் வற்றுதல், சர்க்கரை ஏறுதல் அல்லது இறங்குதல், புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை, இவற்றில் ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கலாம். காரணத்தைக் கண்டு வைத்தியம் செய்தால் பெரும்பாலும் தெளிவு திரும்பும். இதில் அமைதியான வகை ஒன்றும் உண்டு. பிதற்ற மாட்டார், சண்டை பிடிக்க மாட்டார், சுவரைப் பார்த்துப் பேசாமல் படுத்திருப்பார். "இன்றைக்கு வாப்பா தொந்தரவே பண்ணவில்லை" என்று வீட்டார் மகிழ்வார்கள். அந்த மகிழ்ச்சிதான் ஆபத்தானது.

தாகமும் வயதோடு மங்கி விடுகிறது. உடல் தண்ணீருக்கு ஏங்கும்; நாவு கேட்காது. மழைக் குளிரில் தண்ணீர்ச் செம்பின் பக்கமே கை போகாது. அத்துடன் நம் பெரியவர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டுமே, ஒளூ முறியுமே, வழுக்கி விழுவோமே என்று அஞ்சி வேண்டுமென்றே குடிக்காமல் இருந்து விடுகிறார்கள். வாய் உலர்ந்து, சிறுநீர் குறைந்து, நிறம் கறுத்து வந்தால் நீர் வற்றுகிறது என்று அறிய வேண்டும். இதயம் அல்லது சிறுநீரகம் பழுதுற்று, இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் அளவு சொல்லியிருந்தாலன்றி, மணிக்கொரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீரோ கஞ்சியோ ரசமோ நாமே கையில் கொடுத்து அருந்தச் செய்ய வேண்டும்.

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்"

நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் சபுராளிகள். துபாயிலும் சவூதியிலும் கத்தாரிலும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உழைக்கிறார்கள். மாதம் தவறாமல் பணம் வருகிறது. தினம் தவறாமல் போனில் முகம் தெரிகிறது. "உம்மா, எப்படி இருக்கீங்க?" என்று மகன் கேட்கிறான். "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன் வாப்பா, நீ சாப்பிட்டியா?" என்று தாய் பதில் சொல்கிறாள். மகன் நிம்மதியாக வேலைக்குப் போகிறான்.

அந்த 'அல்ஹம்துலில்லாஹ்' இறைவனுக்குச் செலுத்தும் நன்றி. அது உடல்நிலை பற்றிய தகவல் ஆகாது. மூச்சு முட்டினாலும் அவள் அதைத்தான் சொல்வாள். தூரத்தில் இருக்கும் பிள்ளையைக் கலங்க விடக் கூடாது என்ற அன்பும் அதில் இருக்கிறது. நோயைச் சொல்வது பொறுமையைக் கெடுத்து விடும் என்ற அச்சமும் இருக்கிறது.

இந்த அச்சம் தேவையற்றது. அய்யூப் (அலை) அவர்கள் தமக்கு நேர்ந்த துன்பத்தைத் தம் இறைவனிடம் எடுத்துச் சொன்னதை இருபத்தொன்றாம் அத்தியாயத்தில் காண்கிறோம். சொன்ன பிறகும் அல்லாஹ் அவரைப் பொறுமையாளர் என்றே புகழ்கிறான். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தலைவலியால் முனகியபோது, தமக்கும் தலை வலிப்பதாக நாயகம் (ஸல்) அவர்களே சொன்ன செய்தி புகாரியில் இருக்கிறது. வலியை வலி என்று சொல்வது குறை கூறலாகாது என்பதை நம் பெற்றோருக்கு இதமாக எடுத்துச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

கேள்வியையும் மாற்றிக் கேட்க வேண்டும். "நல்லா இருக்கீங்களா?" என்பதை விடுத்து, "ராத்திரி என்ன சாப்பிட்டீங்க? எத்தனை இடியாப்பம்?" என்று கேளுங்கள். "ஸுபுஹுக்கு எழுந்தீங்களா? நின்று தொழுதீங்களா, உட்கார்ந்தா? எத்தனை தலையணை வைத்துப் படுத்தீங்க?" என்று கேளுங்கள். மூச்சுத் திணறுபவர் உயரமாகத் தலையணை வைக்காமல் உறங்க முடியாது. ஒரு வாக்கியத்தை முடிக்க இடையில் மூச்சு வாங்குகிறார்களா என்று காது கொடுத்துக் கேளுங்கள். தஹஜ்ஜுதைக்கூட விடாத ஒருவர் இரண்டு நாளாக ஸுபுஹுக்கே எழவில்லை என்றால், அதுவே ஒரு செய்தி அல்லவா?

வணக்கத்தில் இறைவன் தந்த சலுகை

மழைக் காலத்தில் நம் பெரியவர்களிடம் காணப்படும் ஒரு பிடிவாதத்தைப் பற்றியும் பேச வேண்டும். விடியற்காலைக் குளிரில் பச்சைத் தண்ணீரில்தான் ஒளூச் செய்வேன் என்பார்கள். கொட்டும் மழையிலும் பள்ளிக்குப் போயே தீருவேன் என்பார்கள். சிரமத்திலும் ஒளூவைச் செம்மையாகச் செய்வதற்கு நன்மை உண்டு என்பது ஹதீஸ்தான். ஆனால் வேறு வழியின்றி வரும் சிரமத்தைத் தாங்கிக் கொள்வது வேறு. சிரமத்தைத் தேடிப் போவது வேறு. வெந்நீரில் ஒளூச் செய்தால் நன்மை குறைந்து விடாது.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது நடந்ததைக் கேளுங்கள். கடுங்குளிர் இரவொன்றில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்பு கடமையாயிற்று. குளித்தால் உயிருக்கே ஆபத்து என்று அஞ்சித் தயம்மும் செய்து தொழ வைத்தார்கள். செய்தி நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்றது. தம்மைத் தாமே மாய்த்துக் கொள்ளக் கூடாது என்ற இறைக் கட்டளையை எண்ணியே அவ்வாறு செய்ததாக அம்ரு (ரலி) அவர்கள் விளக்கம் கூறினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்தார்கள். கண்டித்து ஒன்றும் சொல்லவில்லை. அபூதாவூதில் வரும் செய்தி இது. போர் வீரர் ஒருவருக்கே இந்த இடம் இருந்தது என்றால், நம் வீட்டு முதியவருக்கு இல்லாமல் போகுமா?

குளிரும் மழையும் மிகுந்த இரவில், அவரவர் இருப்பிடத்திலேயே தொழுது கொள்ளுமாறு பாங்குடன் அறிவிக்கச் செய்தவர்களும் நாயகம் (ஸல்) அவர்களே. மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழுமாறும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் அருளினார்கள். ரமளானில் நோயாளி நோன்பை விட்டு வேறு நாட்களில் நோற்கலாம் என்று திருக்குர்ஆனே சலுகை தருகிறது. நோற்கும் ஆற்றல் இனித் திரும்பாத முதியவருக்கு ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா இருக்கிறது. இவற்றை மகன் உரத்த குரலில் எடுத்துச் சொன்னால் தந்தை ஏற்க மாட்டார். ஊர் இமாமை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து, அவர் வாயால் சொல்லச் செய்யுங்கள். மனம் ஆறி ஏற்றுக் கொள்வார்.

வீட்டில் பேண வேண்டியவை

முதலில், நோயை வீட்டுக்குள் கொண்டு வராமல் இருக்கப் பார்க்க வேண்டும். நோயுற்ற ஒட்டகங்களை நலமான ஒட்டகங்களிடம் கொண்டு வரக் கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் விதித்தார்கள். மூக்கு ஒழுகும் பேரப் பிள்ளையைப் பாட்டியின் மடியில் தூக்கிப் போடாதீர்கள். பயணத்திலிருந்து இருமலோடு வந்த மகன், சில நாள் முஸாபஹாவையும் கை முத்தத்தையும் தள்ளி வைத்து, எட்ட நின்று ஸலாம் சொன்னால் அன்பு குறைந்து விடாது. பணிவிடை செய்பவருக்கே சளி என்றால் வாயையும் மூக்கையும் மூடிக் கொண்டு, கையைச் சோப்பிட்டுக் கழுவி விட்டு அருகில் போக வேண்டும். சளிக்காய்ச்சலுக்கு ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியும், நிமோனியாவுக்கான தடுப்பூசியும் உண்டு. போட்டு இரண்டு வாரம் போன பிறகே முழுப் பலன் தெரியும் என்பதால், மழை தொடங்குமுன் டாக்டரைக் கலந்து முடிவு செய்வது நல்லது.

டெங்குக் கொசு பகலில் கடிப்பது. நம் பெரியவர்கள் பகலில் சற்றுக் கண்ணயர்வது வழக்கம். அந்த நேரத்துக்கும் கொசுவலை வேண்டும். அந்தக் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கிறது. ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆவுக்குக் குளித்துத் தயாராவது போல, வாரம் ஒரு தடவை வீட்டைச் சுற்றிப் பார்த்து, சிரட்டை, பூச்சட்டித் தட்டு, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கியதைக் கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி மூடுங்கள். இரவில் பாத்திரங்களை மூடி வைக்குமாறும், உறங்குமுன் நெருப்பை அணைத்து விடுமாறும் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். இந்த இரண்டையும் பேணும் வீட்டில் கொசுவுக்கும் இடமில்லை, புகைக்கும் இடமில்லை.

புகை என்றதும் இன்னொன்று. குளிருக்காகக் கதவு சன்னலை அடைத்து, கரி நெருப்பை உள்ளே வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அடைத்த அறையில் கரி எரிந்தால் நிறமும் மணமும் இல்லாத ஒரு நச்சுக் காற்று உண்டாகி, உறங்குபவரை உறக்கத்திலேயே கொண்டு போய் விடும். வெள்ளி இரவில் போடும் சாம்பிராணிப் புகையும் இழுப்பு உள்ளவருக்கு ஆகாது. போர்வையும் காலுறையும் ஈரமற்ற உடையும் போதும்.

சளிக்குச் சுக்குக் காப்பியும் இஞ்சியும் இதமானவை. தேனில் நிவாரணம் உண்டு என்று திருமறை கூறுகிறது. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவருக்குத் தேனும் சர்க்கரையை ஏற்றும் என்பதை மறக்கக் கூடாது. ஓதி ஊதுங்கள், துஆச் செய்யுங்கள். அதோடு டாக்டரிடமும் கூட்டிப் போங்கள். நிவாரணம் இல்லாமல் எந்த நோயையும் அல்லாஹ் இறக்கவில்லை என்று அருளிய நாயகம் (ஸல்) அவர்கள், வைத்தியம் செய்து கொள்ளவும் சொன்னார்கள் அல்லவா!

மருந்தில் கவனம் மிகவும் தேவை. போன மழைக்கு வாங்கி மிச்சமிருக்கும் கிருமிக் கொல்லி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். சாதாரணச் சளிக்கு அது பயன்படாது. கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகளில் சில இரத்த அழுத்தத்தை ஏற்றும். சில வயதான ஆண்களுக்குச் சிறுநீரை அடைக்கும். சில புத்தியைத் தடுமாறச் செய்யும். டெங்குக் காலத்தில் காய்ச்சலுக்கு ஆஸ்பிரினும் வலி மாத்திரைகளும் இரத்தக் கசிவைத் தூண்டும். டாக்டர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்றால் நாமாக நிறுத்தாமல் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் சாப்பிடாமல் கிடந்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம். காய்ச்சலால் ஏறவும் செய்யலாம். இன்சுலினை நாமாக நிறுத்துவதும் தவறு, பார்க்காமல் போடுவதும் தவறு. பரிசோதித்துப் பார்த்து, அன்றே டாக்டரைக் கேட்க வேண்டும். என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். நடு இரவில் மருத்துவமனைக்கு ஓடும்போது அந்தச் சீட்டு கை கொடுக்கும்.

தாமதிக்கக் கூடாத வேளை

மூச்சை எண்ணிப் பார்ப்பது எல்லோராலும் முடியும். அவர்கள் ஓய்வாக இருக்கும்போது, சொல்லாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 12லிருந்து 20 வரை இயல்பு. 25ஐத் தாண்டினால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். 30ஐ எட்டினால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. 2020ல் கொரோனா பரவியபோது பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவியை வாங்கினார்கள். அதை அலமாரியிலிருந்து எடுத்துப் புது பாட்டரி போட்டு வையுங்கள். நுரையீரல் நோய் முன்பே இல்லாதவருக்கு 94க்குக் கீழே காட்டினால் டாக்டரிடம் செல்ல வேண்டும். 90க்குக் கீழே என்றால் பேராபத்து.

இவற்றோடு, புதிதாக வந்த புத்தித் தடுமாற்றம், எழுப்பினாலும் எழாத மயக்கம், நெஞ்சு வலி, உதடு நீலம் பூத்தல், அரை நாளாகச் சிறுநீர் போகாமை, எதுவும் வயிற்றில் தங்காத வாந்தி, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் 108க்குச் சொல்லி விட வேண்டும். டெங்குவில் காய்ச்சல் விடும் நாளே கவனிக்க வேண்டிய நாள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு தணிந்ததும், "சரியாகி விட்டது" என்று நாம் எண்ணும் வேளையில், கடும் வயிற்று வலியோ, ஓயாத வாந்தியோ, ஈறில் இரத்தமோ, அமைதியின்மையோ தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மழைத் தண்ணீரில் நடந்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்து, கண் சிவந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தண்ணீரில் நடந்த செய்தியை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

பணிவிடை யாருடைய கடமை?

இறுதியாக ஒன்று. வாப்பாவின் விரிப்பை மாற்றுவதும், உம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுவதும் மருமகளின் வேலை என்று நம்மில் பலர் ஒதுங்கி நிற்கிறோம். 'உஃப்' சொல்லக் கூடாது என்ற கட்டளை பெற்ற பிள்ளைகளுக்கு வந்த கட்டளை. மருமகள் செய்வது அவளுடைய பெருந்தன்மை. அல்லாஹ்விடம் அவளுக்குக் கூலி உண்டு. அதைக் காட்டி மகன் தன் கடமையிலிருந்து கழன்று கொள்ள முடியாது. மேலும், மருமகளிடம் சிறுநீர்க் கோளாறைச் சொல்ல மாமனார் வெட்கப்படுவார். மகனிடம் தன் உடல் மறைவுகளைச் சொல்லத் தாய் வெட்கப்படுவாள். தந்தையை மகனும் தாயை மகளும் கேட்டால்தான் பல நோய்கள் வெளியே வரும். அண்ணன் தம்பிகள் முறை வைத்துக் கொள்ளுங்கள். தூரத்தில் இருப்பவர் பணத்தோடு, தினம் கேட்டறியும் பொறுப்பையும் ஏற்றுக் கொள்ளட்டும்.

2007ஆம் ஆண்டில் நம் நாட்டில் பெற்றோரைப் பராமரிப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்றினார்கள். கைவிட்ட பிள்ளையிடமிருந்து அந்தச் சட்டம் மாதந்தோறும் பணம் வாங்கித் தர முடியும். ஆனால் நேற்று மூன்று இடியாப்பம் சாப்பிட்ட தாய் இன்று ஒன்றோடு நிறுத்திக் கொண்டதைக் காணும் கண்ணை எந்தச் சட்டம் தரும்? அந்தக் கண்ணை ஈமான்தான் தர வேண்டும்.

குகையில் அடைபட்ட மூவரின் வரலாற்றை நாம் பல தடவை கேட்டிருக்கிறோம். அவர்களில் ஒருவர், நாள்தோறும் தம் முதிய பெற்றோருக்குப் பால் கறந்து கொடுத்த பின்னரே தம் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர். ஒரு நாள் வரத் தாமதமாயிற்று. பெற்றோர் உறங்கி விட்டனர். பாத்திரத்தைக் கையில் ஏந்தியவாறே விடியும் வரை அவர்கள் தலைமாட்டில் நின்றார். அந்தச் செயலை முன்வைத்து அவர் துஆச் செய்தபோது பாறை சற்று விலகிற்று. அவர் அன்றிரவு கொடுத்தது ஒரு பாத்திரம் பால்தான். ஆனால் அவர்கள் எப்போது அருந்துவார்கள், எப்போது உறங்குவார்கள் என்று அறிந்தவராய், உறங்கும் முகங்களைப் பார்த்தபடி ஓர் இரவு முழுவதும் விழித்திருந்தார். மழைக் கால இரவுகளில் நம்மிடம் கேட்கப்படுவதும் அந்த விழிப்புத்தான்.

முதுமையில் பெற்றோரை அடைந்தும் சுவனத்தைச் சம்பாதிக்காமல் போனவனின் மூக்கு மண்ணில் உரசட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கைக்கு ஆளாகாமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக! பெற்றோர் இன்னும் நம்மிடையே இருக்கும் வீடுகளில் இன்றே இஷாவுக்குப் பின் அவர்கள் கட்டிலருகே சென்று அமருங்கள். கையைப் பிடித்துப் பாருங்கள். மூச்சைக் கவனியுங்கள். என்ன சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதையே திரும்பச் சொன்னாலும் முதல் தடவை கேட்பவர்களைப் போலக் கேளுங்கள். பெற்றோரை இழந்தவர்கள், திருமறை கற்றுத் தந்த துஆவை அவர்களுக்காக ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் ஓதி வாருங்கள். தெருவில் பிள்ளைகள் இன்றித் தனித்திருக்கும் முதியவரின் கதவை மழை நாளில் ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.

யா அல்லாஹ்! நோயுற்ற எங்கள் பெற்றோருக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! அவர்கள் சொல்லாமல் மறைக்கும் வேதனையைக் காணும் கண்ணையும், சலிப்பை விழுங்கும் பொறுமையையும் எங்களுக்குத் தருவாயாக! எங்களை அவர்களுக்குச் சுமையாக்கி விடாதே; அவர்களுடைய துஆவுக்கு உரியவர்களாக ஆக்குவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.